அமீனா தொடக் கூடாத பொருள்கள்

நம் பக்கத்தில் ஒருவர் தொழிலில் நொடித்துப் போய்விட்டால் "மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டார்" என்பார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் "ஐ.பி. போட்டுட்டார்" என்பார்கள். ஐ.பி. என்றால் இன்சால்வென்சி பெட்டிஷன். வாங்கிய கடனைத் திருப்பித் தர வழியில்லை என்று நீதிமன்றத்தில் கொடுக்கும் திவால் மனு. அந்தச் சொல் காதில் விழுந்ததும் முதலில் எழும் கேள்வி, வீடு போய்விடுமா என்பது. இப்போதெல்லாம் அதோடு சேர்ந்து, கார் என்ன ஆகும் என்பதும் வருகிறது.

நம் குடியிருப்பில் வீட்டுக் கடன் இல்லாத வீடுகள் குறைவு. கீழே நிறுத்தியிருக்கும் கார்களிலும் பல இன்னும் தவணையில் ஓடுகின்றன. வேலை போவதும், தொழில் படுப்பதும், மருத்துவச் செலவு மலைபோல் ஏறுவதும் யாருக்கும் வரலாம். வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் மாலை நடையில் சிலர் என்னிடம் இதைப் பற்றிக் கேட்பதுண்டு. நான் வழக்கறிஞர் இல்லை. ஆனால் இந்தச் சட்டங்கள் எப்படி வந்தன என்ற கதை எனக்குப் பிடித்தமானது. அந்தக் கதை தெரிந்தால் இன்றைக்கு நம் நிலை என்ன என்பதும் விளங்கிவிடும். அதனால் இந்த இதழுக்கு அதையே எழுதுகிறேன்.

உடம்பே ஈடாக இருந்த காலம்

முற்காலத்தில் கடனாளியின் பொருளை விட அவன் உடம்பின் மேல்தான் சட்டத்தின் கை முதலில் விழுந்தது. கடன் கட்டாதவனைச் சிறையில் போட்டால் உறவினர்களாவது பணத்தைக் கொண்டு வருவார்கள் என்பது கணக்கு. இங்கிலாந்தின் புகழ்பெற்ற நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸின் தந்தை 1824-இல் ஒரு ரொட்டிக்கடைப் பாக்கிக்காக லண்டன் மார்ஷல்சீ சிறையில் அடைக்கப்பட்டார். பாக்கி 40 பவுனும் 10 ஷில்லிங்கும். திவால் சட்டப்படி விடுதலை பெற வேண்டுமானால், குடும்பத்திடம் உள்ள உடைகளும் சொந்தப் பொருள்களும் 20 பவுனுக்கு மேல் போகக் கூடாது. அதற்காக 12 வயதுச் சிறுவன் டிக்கன்ஸ், தான் போட்டிருந்த உடையையே மதிப்பீட்டு அலுவலரிடம் காட்டிவிட்டு வர வேண்டியிருந்தது.

கடனாளியிடம் எதை விட்டுவைப்பது என்று ஒரு அளவு வைத்து எழுதும் பழக்கம் அந்தச் சட்டங்களில் இருந்தது. அதே ஆங்கிலேயர்தான் 1828-இல் கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய மூன்று நகரங்களுக்கும் திவால் நீதிமன்றங்களைக் கொண்டுவந்தனர். 1848-இல் அந்தச் சட்டம் விரிவாக்கப்பட்டது. ஆனால் இது மூன்று நகரங்களுக்கு மட்டும். அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்த நம் கடற்கரைக் கிராமங்களுக்கு இதில் இடமில்லை. இங்கே கடன் வழக்கு என்றால் டிகிரி, ஜப்தி, ஏலம்தான்.

அமீனாவின் பட்டியல்

நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்ற வருபவர் அமீனா. தண்டோரா போட்டு ஜப்தியை ஊரறியச் சொல்வது சட்டத்திலேயே எழுதியிருக்கும் முறை. பழைய தலைமுறையில் அந்தத் தண்டோராச் சத்தத்துக்கு இருந்த பயம் போலீசுக்குக் கூட இருந்ததில்லை.

ஆனால் அமீனாவுக்கும் ஒரு கட்டுப்பாடு இருந்தது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே, ஜப்தி செய்யக் கூடாத பொருள்கள் என்று ஒரு பட்டியல் வந்துவிட்டது. இன்று நடைமுறையில் இருப்பது 1908-ஆம் ஆண்டுச் சட்டம். அதன் 60-ஆவது பிரிவைப் படித்தால் நூறாண்டுக்கு முந்தைய ஒரு வீட்டுக்குள் நுழைந்து பார்ப்பது போல இருக்கும். உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், கட்டில், படுக்கை ஆகியவற்றைத் தொடக் கூடாது. மத வழக்கப்படி ஒரு பெண் கழற்ற முடியாத நகையைத் தொடக் கூடாது. நம் ஊரில் அது தாலி. கைவினைஞரின் கருவிகள், விவசாயியின் ஏர், உழவு மாடு, விதை நெல் ஆகியவற்றைத் தொடக் கூடாது. விவசாயி குடியிருக்கும் சொந்த வீட்டையும் தொடக் கூடாது.

வீட்டுக்குள் வருவதற்கும் விதி உண்டு. சூரியன் மறைந்த பிறகும் உதிப்பதற்கு முன்பும் குடியிருக்கும் வீட்டுக்குள் ஜப்திக்காக நுழைய முடியாது. கடனாளியைச் சிறையில் வைக்க வேண்டுமானால் அவருடைய சாப்பாட்டுச் செலவைக் கடன் கொடுத்தவரே கட்ட வேண்டும். நம் ஆட்கள் இதைப் பேட்டா என்பார்கள். பேட்டா கட்டுவது நின்றால் கடனாளி வெளியே வந்துவிடுவார்.

இந்தப் பட்டியலுக்குப் பின்னால் இருக்கும் நியாயம் எளிமையானது. நெசவாளியின் தறியை ஏலம் விட்டால் அவன் நாளைக்கு எதை வைத்துச் சம்பாதித்துக் கடனைக் கட்டுவான்? விதை நெல்லை அள்ளிக்கொண்டு போனால் அடுத்த போகம் ஏது? பிழைப்பதற்கு வேண்டியதை விட்டுவைத்தால்தான் கடன் கொடுத்தவருக்கும் பணம் வரும்.

அர்பத்நாட் விழுந்த நாள்

1906 அக்டோபர் 22 அன்று சென்னையில் அர்பத்நாட் கம்பெனி கதவடைத்தது. பாரி, பின்னி போன்றவற்றுக்குச் சமமாகப் பேசப்பட்ட வெள்ளைக்கார நிறுவனம் அது. ஓய்வூதியக்காரர்களும், விதவைகளும், மிராசுதார்களும், சிறு வியாபாரிகளும் வட்டிக்கு ஆசைப்பட்டும், பெயரை நம்பியும் அதில் பணம் போட்டிருந்தார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு ஒரே நாளில் ஆட்டம் கண்டது. நிறுவனத் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் மோசடிக்காக 18 மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். பணம் போட்டவர்களுக்காக வாதாடிய வி. கிருஷ்ணசாமி ஐயர், நம்மவர்களுக்கு என்று ஒரு வங்கி வேண்டும் என்று முன்னின்றார். 1907 ஆகஸ்ட் 15 அன்று இந்தியன் வங்கி தன் பணியைத் தொடங்கியது.

அர்பத்நாட் விழுந்த மூன்றாவது ஆண்டில், 1909-இல், மூன்று தலைநகரங்களுக்கும் புதிய திவால் சட்டம் வந்தது. மற்ற ஊர்களுக்கு 1907-இல் ஒரு சட்டம் வந்து, அது 1920-இல் திருத்தி எழுதப்பட்டது. நம் பகுதிக்குப் பொருந்துவது இந்த 1920-ஆம் ஆண்டு மாகாணத் திவால் சட்டம்தான். குறைந்தது 500 ரூபாய் கடன் இருந்தால் ஒருவர் தானே மனுச் செய்யலாம். 1920-இல் 500 ரூபாய் பெரிய தொகை. அந்த எண் இன்றுவரை அப்படியே இருக்கிறது.

சென்னை நகரத்துக்கான 1909 சட்டம், திவாலானவரிடம் விட்டுவைக்க வேண்டியதற்கு ஒரு தொகை சொன்னது. தொழில் கருவி, துணிமணி, படுக்கை, பாத்திரம், மேசை நாற்காலி எல்லாம் சேர்த்து 300 ரூபாய். வீடு என்ற சொல் அந்த விலக்கில் இல்லை. 1920 சட்டம் தனியாகப் பட்டியல் போடாமல், அமீனா தொடக் கூடாதவற்றைத் திவால் நீதிமன்றமும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டது. ஆகவே கிராமத்து விவசாயியின் வீடு தப்பியது. நகரத்துக் குமாஸ்தாவின் வீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை.

கடனையே குறைத்த சட்டம்

பொருளைக் காப்பாற்றுவது ஒரு வழி. கடனையே வெட்டிக் குறைப்பது இன்னொரு வழி. 1930-களின் விலை வீழ்ச்சியில் நெல்லும் கடலையும் விலை போகாமல் சென்னை மாகாண விவசாயிகள் வட்டியில் மூழ்கினார்கள். ராஜாஜி தலைமையிலான அமைச்சரவை 1938-இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1932 அக்டோபருக்கு முன் வாங்கிய கடன்களில், 1937 அக்டோபர் 1 அன்று நிலுவையில் இருந்த வட்டி முழுவதும் தள்ளுபடி ஆனது. அசலைப் போல இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்ததாக அர்த்தம். வணிகம் படித்தவனுக்கு இது துணிச்சலான கணக்காகத் தோன்றும். ஆனால் இதுவும் விவசாயிக்கு மட்டும்தான்.

சுதந்திரத்துக்குப் பிறகு பட்டியல் கொஞ்சம் நீண்டது. 1976 திருத்தத்தில், குடியிருக்கும் வீட்டுக்கான பாதுகாப்பு விவசாயியோடு கூலித் தொழிலாளிக்கும் வீட்டு வேலைக்காரருக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. இந்தச் சலுகை எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாலும் அந்த ஒப்பந்தம் செல்லாது என்றும் சேர்த்தார்கள். 1980-இல் உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ண அய்யர் எழுதிய தீர்ப்பு, கையில் இல்லாததால் மட்டும் கடன் கட்டாதவரைச் சிறையில் தள்ளக் கூடாது, வைத்துக்கொண்டே ஏமாற்றுபவருக்குத்தான் சிறை என்று சொன்னது. உடம்பு ஈடாக இருந்த காலம் ஏறக்குறைய அத்தோடு முடிந்தது.

இப்போது இதை நம் ஊரில் வைத்துப் பாருங்கள். மரக்காணம் உப்பளங்களில் மழைக்காலத்தில் வேலை இருக்காது. அந்த மாதங்களில் கடன் வாங்காமல் அடுப்பு எரியாத வீடுகள் உண்டு. அப்படி வாங்கிய கைக்கடனுக்காக ஒரு உப்பளத் தொழிலாளி குடியிருக்கும் சொந்த வீட்டை ஜப்தி செய்யச் சட்டம் இடம் கொடுக்காது. இ.சி.ஆர். ஓரம் நாலாவது மாடியில் குடியிருக்கும் நமக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 1908-இல் பட்டியல் எழுதியவர்களுக்குத் தெரிந்த உலகத்தில் அடுக்குமாடியும் இல்லை, ஈ.எம்.ஐ.யும் இல்லை.

வில்லங்கம் என்ற சொல்

மேலே சொன்ன பாதுகாப்புகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு நிபந்தனை உண்டு. ஒரு பொருளை நாமே முன்வந்து ஈடு வைத்துவிட்டால், அந்தக் கடனைப் பொறுத்தவரை பாதுகாப்பு போய்விடும். கைமாற்றுக் கடன் கொடுத்தவர் விவசாயியின் வீட்டைத் தொட முடியாது. அதே வீட்டை அடமானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தால், அடமானம் பிடித்தவர் வழக்குப் போட்டு விற்கலாம். திவால் சட்டத்திலும் அப்படியே. மஞ்சக் கடுதாசி கொடுத்தால் மற்றக் கடன்காரர்களின் வழக்குகளை நிறுத்தி வைக்கலாம். ஈடு பிடித்தவர் கையை அது கட்டுவதில்லை. "ஐ.பி. போட்டால் வீடு தப்பிவிடும்" என்று யாராவது சொன்னால், வீட்டுக் கடன் உள்ளவருக்கு அது பொருந்தாது.

வீடு வாங்கும்போது வில்லங்கச் சான்றிதழ் எடுத்திருப்பீர்கள். வீட்டுக் கடன் வாங்கிய அன்று அதில் நம் பெயரிலேயே ஒரு வில்லங்கம் ஏறுகிறது. காருக்கு ஆர்.சி. புத்தகத்தில் நிதி நிறுவனத்தின் பெயர் ஹைப்பாதிகேஷன் என்று ஏறுகிறது. இரண்டும் நம் வசம் இருக்கின்றன, நாம் அனுபவிக்கிறோம். ஆனால் கடன் தீரும்வரை இன்னொருவரின் பிடி அவற்றின் மேல் உண்டு.

பழைய அடமான வழக்குகளில் அந்தப் பிடி மெதுவாகத்தான் இறுகும். வழக்குப் போட்டு, முதல்நிலைத் தீர்ப்பு வாங்கி, ஆறு மாதம் வரை அவகாசம் கொடுத்து, பிறகு இறுதித் தீர்ப்பு, ஏலம். தலைமுறை மாறும்வரை நடந்த வழக்குகள் உண்டு. வங்கிகளின் வாராக்கடன் பெருகியதும் 2002-இல் சர்ஃபேசி சட்டம் வந்தது. அதிலிருந்து வங்கி வழக்குப் போடாமலே ஈட்டுச் சொத்தைக் கைப்பற்றி விற்கலாம். அமீனா வர வேண்டியதில்லை. தண்டோராவுக்குப் பதில் கதவில் ஒட்டும் நோட்டீசும் நாளிதழ் விளம்பரமும் வந்தன. விவசாய நிலத்துக்கு இதிலும் விலக்கு உண்டு. அடுக்குமாடி வீட்டுக்கு இல்லை.

இருந்தாலும் இந்தச் சட்டத்திலும் படிகள் இருக்கின்றன. தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகும். அதன் பிறகு வங்கி 60 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதற்கு நாம் ஆட்சேபம் எழுதினால் 15 நாளுக்குள் காரணம் சொல்லிப் பதில் தர வேண்டும். வங்கி சொத்தைக் கைப்பற்ற நடவடிக்கை எடுத்தால், 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அசலும் வட்டியுமாகக் கட்ட வேண்டியதில் 20 சதவீதத்துக்கும் குறைவாகவே பாக்கி என்றால் இந்தச் சட்டமே பொருந்தாது. ஏலத்தில் கடனுக்கு மேல் கிடைத்தால் மீதி நம்முடையது. குறைவாகக் கிடைத்தால் மீதிக் கடனும் நம்முடையதுதான். வீடு போனதோடு கடன் தீர்ந்தது என்று நினைத்துவிட வேண்டாம்.

இதில் ஒரு தேதியை மட்டும் தனியாகக் குறித்து வையுங்கள். முன்பெல்லாம் ஏலம் முடிந்து சொத்து கைமாறும்வரை முழுப் பாக்கியையும் கட்டி வீட்டை மீட்கலாம். 2016 திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாகும் நாளோடு அந்த உரிமை முடிகிறது. 2023-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்துவிட்டது. "ஏலத்தன்றைக்குப் பணத்தோடு போய் நிற்கலாம்" என்ற பழைய நம்பிக்கை இப்போது உதவாது.

காரின் நிலை இன்னும் வேகமானது. ஆளை அனுப்பி எடுத்துப் போய்விட முடியும் என்பதால் நிறுவனங்கள் காத்திருப்பதில்லை. அடியாட்களை வைத்து வண்டியைப் பிடுங்கக் கூடாது, சட்ட வழியில்தான் எடுக்க வேண்டும் என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூல் முகவர்கள் கடனாளியை அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் சொன்னது. அமீனாவுக்கு வைத்த சூரிய அஸ்தமன விதி, நூறாண்டு கழித்துத் தொலைபேசிக்கும் வந்திருக்கிறது.

காரும் வீடும் பட்டியலில் ஏறிய ஆண்டு

அமெரிக்காவில் டெக்சாஸ் தனி நாடாக இருந்த 1839-லேயே, குடியிருக்கும் வீட்டைக் கடன்காரர் தொடக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். இன்று அந்த நாட்டில் நிலையான வருமானம் உள்ளவர், நீதிமன்றம் ஒப்புக்கொண்ட திட்டப்படி மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் பாக்கியைக் கட்டிக்கொண்டே வீட்டையும் காரையும் வைத்திருக்க ஒரு வழி உண்டு.

நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டுத் திவால் சட்டத் தொகுப்பு அந்த வழியில் ஒரு அடி வைத்தது. திவாலாகும் தனிநபரிடமிருந்து எடுக்கக் கூடாத சொத்துகளில், சொந்த உபயோகத்துக்கோ வேலைக்கோ தேவையான வாகனமும், குடியிருப்பதற்கான ஒரே வீடும் பெயர் சொல்லி எழுதப்பட்டன. அதன் கீழ் 2019-இல் வந்த விதிகள் வீட்டுக்கு மதிப்பு வரம்பு வைத்தன. நகரத்தில் 20 லட்சம், கிராமத்தில் 10 லட்சம். நம் பகுதியில் இன்றைய விலைக்கு இந்த வரம்புக்குள் ஒரு வீடு கிடைப்பது அரிது. இங்கேயும் பழைய நிபந்தனை அப்படியே இருக்கிறது. வாகனமும் வீடும் வில்லங்கம் இல்லாதவையாக இருக்க வேண்டும்.

அதைவிட முக்கியம், இந்தப் பகுதி இன்னும் நம்மைப் போன்றவர்களுக்கு நடைமுறைக்கு வரவில்லை. கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பர் 1 முதல் அமலில் உள்ளது. மற்றவர்களுக்கு இன்றும் 1920-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 500 ரூபாயும்தான்.

நாம் செய்யக் கூடியவை

இருநூறு ஆண்டுக் கதையைச் சுருக்கினால் கிடைப்பது இதுதான். சட்டம் எப்போதும் கடனாளிக்கு எதையாவது விட்டுவைத்திருக்கிறது. ஆனால் ஈடு வைக்காததை மட்டுமே விட்டுவைத்திருக்கிறது. நம் வீட்டையும் காரையும் காப்பாற்றப் போவது திவால் சட்டம் இல்லை, முதல் தவணை தவறியதிலிருந்து 90 நாளுக்குள் நாம் செய்யும் காரியங்கள்தான்.

தவணை தவறும் என்று தெரிந்ததுமே கிளைக்கு நேரில் போய் எழுத்து மூலம் சொல்லுங்கள். தவணைக் காலத்தை நீட்டவோ, கொஞ்ச காலம் தள்ளி வைக்கவோ வங்கியிடம் அப்போது வழி இருக்கும். கணக்கு வாராக்கடன் ஆன பிறகு அதே மேலாளர் நினைத்தாலும் கை கட்டப்பட்டிருக்கும். நோட்டீசை வாங்காமல் திருப்பி அனுப்புவது பலருடைய வழக்கம். நாள் கணக்கு அதனால் நிற்காது.

ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றை ஈடு வைக்காதீர்கள். ஓய்வூதியம், வருங்கால வைப்பு நிதி, பி.பி.எஃப்., ஆயுள் காப்பீட்டுத் தொகை ஆகியவை இன்றும் ஜப்திக்கு அப்பாற்பட்டவை. ஓய்வூதியத்துக்கான பாதுகாப்பு 1871-லேயே வந்தது. அதை எடுத்து மூழ்கும் கடனில் கொட்டினால், கடைசியாக நமக்கென்று இருந்த தறியையும் விதை நெல்லையும் நாமே கொடுத்தது போல் ஆகும். காரை விட்டால் வீடு நிற்கும் என்றால் காரை விட்டுவிடுங்கள். விற்றே தீர வேண்டும் என்ற நிலை வந்தால், வங்கியின் சம்மதத்தோடு நாமே ஆள் பிடித்து விற்பது ஏலத்தை விட நல்ல விலை தரும்.

மகனுக்காக, மைத்துனருக்காக, நண்பருக்காக என்று ஜாமீன் கையெழுத்துப் போடும்போது, அவர் கடன் நம் கடனாகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

நோட்டீஸ் ஏதாவது வந்து புரியாமல் இருந்தால், மாலை நடை நேரத்தில் என்னிடம் கொண்டு வாருங்கள். தேதிகளை எண்ணிப் பார்த்து, எந்தப் படியில் இருக்கிறது என்று சொல்ல என்னால் முடியும். அதற்கு மேல் வேண்டுமானால் நல்ல வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும். அதை நாள் கடத்தாமல் செய்யுங்கள்.